பிறேக் பாட் எப்போது மாற்றுவது: யாழ்ப்பாணத்தில் ஓடும் கார்களுக்கு

முன் சில்லுப் பிறேக் பாட் ஒரு சோடி சாதாரண ஓட்டத்தில் 30,000 கிலோமீற்றரிலிருந்து 70,000 கிலோமீற்றர் வரை தாங்கும். இவ்வளவு அகலமான கணக்கை வைத்துக்கொண்டு ஒருவரும் முடிவெடுக்க முடியாது. ஒரே மொடல் கார் இரண்டில் ஒன்று 28,000இலும் மற்றது 80,000இலும் பாட் கேட்கும். ஆகவே மீற்றர் வாசிப்பை விட்டுவிட்டு, பாட்டின் தடிப்பை அளந்து பாருங்கள். இரண்டு முறை அளந்தால், உங்கள் காருக்கும் உங்கள் ஓட்டத்துக்கும் உரிய ஆயுள் தானாகத் தெரிந்துவிடும்.

பாட் என்பது இரண்டு பகுதி: சில்லோடு சுழலும் டிஸ்கில் உராயும் லைனிங், அதைத் தாங்கும் இரும்புத் தகடு. தகடு மட்டும் ஏறக்குறைய 5 மி.மீ. இருக்கும். பலர் தகட்டையும் சேர்த்து அளந்துவிட்டு "இன்னும் 8 மி.மீ. கிடக்கு" என்று விடுகிறார்கள். உண்மையில் அங்கே 3 மி.மீ. லைனிங்தான் மிச்சம். லைனிங்கை மட்டும் அளவுங்கள்.

புதிய முன் பாட்டில் லைனிங் பெரும்பாலும் 10 முதல் 12 மி.மீ. சிறிய கார்களில் 9, 10. இது 6 மி.மீ.க்கு மேல் இருக்கும்வரை 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை பார்த்தால் போதும். 6க்கும் 4க்கும் இடையில் வந்துவிட்டால் ஒவ்வொரு 5,000க்கும் பாருங்கள். 3 மி.மீ.யில் மாற்றிவிடுங்கள். பல ரொயோட்டாக் கார்களின் சேர்விஸ் புத்தகத்தில் 1 மி.மீ. என்று எழுதியிருக்கும். அது அதற்குக் கீழே ஓடவே கூடாது என்ற எல்லை. அதுவரை ஓடலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். லைனிங் மெலிய மெலிய, டிஸ்கின் சூடு தடையில்லாமல், பாட்டைத் தள்ளும் பிஸ்டனுக்கும் பிறேக் ஒயிலுக்கும் போகும். ஒரு மூலை 3 மி.மீ. இருக்கையில் மறு மூலை 1 மி.மீ.க்கு வந்திருக்கவும் கூடும். இங்கே இன்னொரு காரணமும் உண்டு: இங்கே அரிதாகக் காணும் மொடலுக்குரிய பாட் கொழும்பிலிருந்து வரவேண்டியிருந்தால், அந்த நாட்களுக்கும் பிறேக் தாங்க வேண்டும்.

கணக்கு இப்படி. புதிதாகப் பூட்டும்போது 10 மி.மீ., 20,000 ஓடியபின் 7 மி.மீ. என்றால், 3 மி.மீ. தேய 20,000 கிலோமீற்றர் எடுத்திருக்கிறது. மாற்றும் அளவான 3க்கு வர இன்னும் 4 மி.மீ. உண்டு, அதாவது ஏறக்குறைய 26,600. மெலிந்த பாட் கூடுதலாகச் சூடாகி விரைவாகத் தேயும் என்பதால் 20,000 என்றே வைத்துக்கொள்ளுங்கள். அளவையும் திகதியையும் மீற்றர் வாசிப்பையும் சேர்விஸ் கொப்பியில் எழுதி வையுங்கள்.

இங்கே பாட்டைத் தின்பது எது

குடாநாடு சமதரை. இறக்கத்தில் பிறேக்கை மிதித்தபடி இறங்கும் தேவை இல்லை. அதனால் ஏ9இல் வவுனியா, கொழும்பு என்று அதிகம் ஓடும் கார்களில் பாட் நீண்ட நாள் இருக்கும். நகருக்குள் மட்டும் ஓடும் கார் வேறு கதை. கஸ்தூரியார் வீதியிலும் ஆஸ்பத்திரி வீதியிலும் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் இருபது மீற்றருக்கு ஒருக்கால் பிறேக் பிடிக்க வேண்டியிருக்கும். ஒழுங்கை முடக்குகளில் சைக்கிள் வரும், மாடு வரும். ஓட்டோ கியர் கார்களில் கால் பிறேக்கிலேயே கிடக்கும் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் பிறேக் விழுங்கும் சக்தி நான்கு மடங்காகும். 60இல் போய்த் திடீரென்று நிறுத்தும் ஒரு தடவை, 30இல் போய் நிறுத்தும் நான்கு தடவைக்குச் சமம். முன்னால் பார்த்து, காலை முன்கூட்டியே எடுத்து, வேகம் தானாகக் குறைந்தபின் மிதிப்பவரின் பாட் மற்றவருடையதைப் போல இரண்டு மடங்கு ஓடுவதன் காரணம் இதுதான்.

சோளகக் காலத்துப் புழுதியும் தன் பங்கைச் செய்யும். வலிகாமத்துச் செம்மண் தூளும் வடமராட்சி கிழக்கு மணலும் பாட்டுக்கும் டிஸ்குக்கும் இடையில் புகுந்தால் இரண்டிலும் வட்டக் கீறல் விழும். நகத்தை டிஸ்கின் குறுக்கே ஓடவிட்டால் அது தட்டுப்படும். மெல்லிய கீறலால் ஆபத்தில்லை. நகம் மாட்டி நிற்குமளவு பள்ளம் இருந்தால் டிஸ்கையும் கவனிக்க வேண்டும்.

ஆனால் இந்த ஊரில் தேய்மானத்தைவிடக் கூடுதலாகப் பாட்டைக் கெடுப்பது கறள். பண்ணைப் பாலம், பொன்னாலையிலிருந்து காரைநகர் போகும் தாம்போதி, சங்குப்பிட்டிப் பாலம், ஆனையிறவு என்று எங்கு போனாலும் உப்புக்காற்று. மாரியில் அதோடு வெள்ளமும் சேரும். கறள் முதலில் பிடிப்பது டிஸ்கின் முகத்தில் இல்லை. அது இரண்டு பிறேக் பிடித்தால் துடைபட்டுப் போய்விடும். பாட்டின் இரு காதுகளும் உட்காரும் பிறாக்கெற்றில், மெல்லிய கிளிப்புக்கு அடியில்தான் கறள் கட்டும். இரும்பு கறளானால் பருமன் கூடும். அது கிளிப்பை வெளியே தள்ளும், இடைவெளி குறுகும், பாட் நகர மறுக்கும். பிறேக்கை விட்டபிறகும் பாட் டிஸ்கை உரஞ்சிக்கொண்டே ஓடும். பாட்டை டிஸ்கோடு அழுத்தும் கலிப்பர் வழுக்கி நகர்வது ஸ்லைட் பின் என்ற இரண்டு தண்டுகளில். அவை இறுகினாலும் இதே விளைவுதான். அப்படிப்பட்ட காரில் உள் பாட் 2 மி.மீ.யாக இருக்கும்போது வெளிப் பாட் 7 மி.மீ. இருக்கும். வெளியிலிருந்து எட்டிப் பார்த்தவர் "நிறையக் கிடக்கு" என்று சொல்லிவிடுவார்.

வெளிநாட்டிலிருந்து வரும்போது மட்டும் எடுக்கவென்று வளவுக்குள் மூடி வைத்திருக்கும் கார்களில் இது இன்னும் மோசம். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் பாட் டிஸ்கோடு ஒட்டி, பாட்டின் அளவுக்கு டிஸ்கில் கறள் அடையாளம் விழும். பிறகு ஓடும்போது அந்த இடம் வரும் ஒவ்வொரு தடவையும் பெடல் துடிக்கும். இரண்டு கிழமைக்கு ஒருமுறையாவது பத்துக் கிலோமீற்றர் ஓட்டி, ஆறேழு முறை பிறேக் பிடிக்கச் சொல்லி ஒருவரிடம் பொறுப்புக் கொடுங்கள். படலையடியில் ஸ்ராட் பண்ணி நிறுத்துவதால் பற்றரிக்குக் கூடப் பெரிய பயனில்லை, பிறேக்குக்கு ஒன்றுமே இல்லை.

பார்ப்பது எப்படி

அலோய் றிம் என்றால் கம்பிகளுக்கிடையே ரோர்ச் அடித்து, கலிப்பரின் நடுத் துவாரத்தால் பாருங்கள். இரும்பு றிம் என்றால் ஸ்ரியறிங்கை ஒரு பக்கம் முழுக்க வெட்டிவிட்டு, பின்பக்கமிருந்து பாருங்கள். 3 மி.மீ. துளையிடும் ஊசி ஒன்றை வைத்திருங்கள். அதன் தண்டை லைனிங்கின் ஓரத்தில் பிடித்து ஒப்பிட்டால் வேர்ணியர் தேவையில்லை. இப்படிப் பார்ப்பது அவசரத்துக்கு மட்டும். உள் பாட்டைச் சரியாகப் பார்க்கச் சில்லைக் கழற்றியே ஆக வேண்டும். ரயர் மாற்றும்போதோ இடம் மாற்றிப் பூட்டும்போதோ சில்லு எப்படியும் கழலும். அந்த ஐந்து நிமிடத்தில் நான்கு சில்லிலும் பார்த்துவிடுங்கள்.

பிறேக் ஒயில் போத்தலும் ஒரு சாட்சி. பாட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வரும், போத்தலில் மட்டம் மெல்ல இறங்கும். மட்டம் குறைந்ததைக் கண்டவுடன் ஒயில் ஊற்றுவது பிழை. முதலில் பாட்டைப் பாருங்கள். பாட் நன்றாக இருந்தும் மட்டம் இறங்கினால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது. அந்தக் காரை ஓட்டாதீர்கள்.

சத்தங்கள் பலவிதம். மழை பெய்த மறுநாள் காலையில் முதல் இரண்டு மூன்று பிறேக்கில் வரும் உரசல் சத்தமும், கார் அசையும்போது வரும் "டக்" என்ற ஓசையும் கறளால் வருவன. பிறகு நின்றுவிட்டால் கவலையில்லை. ஓடும்போது மெல்லிய கீச்சொலி தொடர்ந்து கேட்டு, பிறேக் மிதித்தால் அது மாறினாலோ நின்றாலோ, பாட்டில் உள்ள எச்சரிக்கைத் தகடு டிஸ்கைத் தொட்டுவிட்டது. லைனிங் 2 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் கிழமையே மாற்றுங்கள். கரகர என்று அரைக்கும் சத்தம் இரும்போடு இரும்பு. அன்றே நிறுத்த வேண்டும், டிஸ்கும் போயிருக்கும். எல்லாப் பாட்டிலும் எச்சரிக்கைத் தகடு இல்லை. மலிவானவற்றில் இருப்பதே குறைவு. சத்தம் வரவில்லை என்பதால் பாட் இருக்கிறது என்று நம்ப வேண்டாம்.

பெடல் பஞ்சு போல இறங்கினால் அது பாட்டின் பிரச்சினை அல்ல. காற்றோ, பழைய ஒயிலோ, மாஸ்டர் சிலிண்டரோ காரணம். வேகத்தில் பிறேக் பிடிக்கும்போது ஸ்ரியறிங் நடுங்கினால் டிஸ்கின் தடிப்பு சுற்றிவர ஒரே சீராக இல்லை. புதிய பாட் பூட்டினால் அது தீராது. ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கக் கலிப்பர் சரியாக வேலை செய்யவில்லை என்று பாருங்கள். பத்துக் கிலோமீற்றர் ஓடி நிறுத்தியபின், தொடாமல், றிம்முக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள். ஒரு சில்லு மட்டும் மற்றவற்றைவிட மிகச் சூடாக இருந்தால் அங்கே பாட் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பழைய பாட் சொல்லும் சேதி

கழற்றிய பாட் நான்கையும் எறியமுன் வரிசையாக வைத்துப் பாருங்கள். நான்கும் ஒரே அளவு தேய்ந்திருந்தால் எல்லாம் சரி. உள் பாட் மட்டும் தேய்ந்திருந்தால் ஸ்லைட் பின் இறுகியிருக்கிறது, அல்லது பிஸ்டன் திரும்பிப் போகவில்லை. வெளிப் பாட் மட்டும் தேய்ந்திருந்தால் கலிப்பர் திரும்பி வழுக்கவில்லை. ஒரு முனை தடிப்பும் மறு முனை மெலிவுமாகச் சரிந்திருந்தால் ஒரு ஸ்லைட் பின் மட்டும் இறுகியிருக்கிறது. ஒரு சில்லில் இரண்டும் தேய்ந்து எதிர்ச் சில்லில் இரண்டும் தடிப்பாக இருந்தால், தேய்ந்த பக்க ஹோஸ் உள்ளே வீங்கியிருக்கலாம். ஒயில் போகும், திரும்பி வராது. கலிப்பரின் ஒயில் நிப்பிளை (ஒயிலையும் காற்றையும் வெளியே விடும் சிறு திருகை) அரைச் சுற்றுத் தளர்த்தியதும் சில்லு இலகுவாகச் சுற்றினால் ஹோஸ்தான் குற்றவாளி. லைனிங் கண்ணாடி போல மினுங்கினால் அது சூடேறி இறுகிவிட்டது. தடிப்பு இருந்தாலும் பிடிக்காது.

இந்தக் காரணங்களைச் சரிசெய்யாமல் புதிய பாட் பூட்டினால், அதுவும் அதே விதமாகத்தான் தேயும். "போன வருடம்தானே மாற்றினது" என்ற பேச்சின் பின்னால் பெரும்பாலும் இப்படி ஓர் இறுகிய ஸ்லைட் பின் இருக்கும்.

வாங்கும்போது

கடைக்குப் போகும்போது செசி இலக்கத்தையும் மொடல் குறியீட்டையும் எழுதிக்கொண்டு போங்கள். "அக்சியோ பாட்" என்று கேட்டால் மொடல் குறியீடு 141க்கா 161க்கா என்று கடைக்காரர் கேட்பார். ஜப்பானிலிருந்து வந்த கார்களில் ஒரே பெயருக்குள் கிறேட்டுக்குக் கிறேட் கலிப்பர் மாறும். முடிந்தால் பழைய பாட் ஒன்றையே கையில் கொண்டுபோய், தகட்டின் வடிவத்தையும் காதுகளின் அளவையும் வைத்துப் பாருங்கள். இங்கே ஸ்ரான்லி வீதியில் கிடைக்காதது கொழும்பில் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும், ஆனால் படம் அனுப்பாமல் ஓடர் பண்ண வேண்டாம்.

பல பாட்டுகளின் பின் தகட்டிலோ லைனிங்கின் ஓரத்திலோ எழுத்தும் எண்ணுமாக ஒரு நீளக் குறியீடு அச்சிட்டிருக்கும். அதன் கடைசி இரண்டு எழுத்து உராய்வுத் தரம்: முதல் எழுத்து சாதாரணச் சூட்டில், இரண்டாவது கடுஞ்சூட்டில். "ஈ" என்றால் உராய்வுக் கெழு 0.25–0.35, "எஃப்" என்றால் 0.35–0.45, "ஜி" என்றால் 0.45–0.55. குடும்பக் காருக்கு "எஃப் எஃப்" நல்ல தெரிவு. "ஈ ஈ" என்றால் பெடலைக் கூடுதலாக மிதிக்க வேண்டிவரும். குறியீடே இல்லாத பாட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பழைய தகட்டில் புதிய லைனிங் ஒட்டிய டிஸ்க் பாட்டும் வேண்டாம். டிறம் பிறேக்கில் சுழலும் டிறம்மை உள்ளிருந்து அழுத்தும் சூவுக்கு லைனிங் ஒட்டுவது நெடுநாள் தொழில், கவனமாகச் செய்தால் ஓடும். டிஸ்க் பாட் அதைவிட மிகக் கூடுதலாகச் சூடாகும். கறள் பிடித்த தகட்டில் ஒட்டிய பசை விட்டால் லைனிங் முழுதாகக் கழன்று விழும்.

ஒரே அச்சின் இரண்டு சில்லுக்கும், நான்கு பாட்டும் சேர்த்தே மாற்றுங்கள். கிளிப் செற்றும் பிறேக்குக்கான சிலிக்கோன் கிறீசும் அதே நேரம் வாங்குங்கள். இந்த ஊரின் கறளுக்குக் கிளிப் மாற்றாமல் பாட் மட்டும் மாற்றுவது அரைவேலை.

கழற்றிப் பூட்டும் முறை

கீழே சொல்வது முன் டிஸ்குக்கு. ரொயோட்டாக்களில் சில்லு நட் பெரும்பாலும் 21 மி.மீ., ஹொண்டா, சுசுகியில் 19. கலிப்பர் போல்ட் பெரும்பாலும் 14 அல்லது 12. ஸ்லைட் பின் கூடவே சுற்றினால் பிடிக்க 17 மெல்லிய சாவி ஒன்று. ஜக், இரண்டு அக்சில் ஸ்ராண்ட், ஜி கிளாம்ப், கம்பித் தூரிகை, பிறேக் கிளீனர், ஒரு துண்டுக் கட்டுக்கம்பி, பழைய சீலை, இறுக்கும் அளவைக் காட்டும் ரோர்க் றென்ச்.

சீமெந்து போட்ட இடத்தில் நிறுத்துங்கள். மணல் முற்றம் என்றால் ஜக்குக்கும் ஸ்ராண்டுக்கும் கீழே அகலமான, தடித்த பலகை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பாரம் ஏறியதும் ஒரு கால் புதைந்து சரியும். பின் சில்லுகளுக்குக் கல் வைத்து, ஹாண்ட் பிறேக் இழுத்து, கியரை "பீ"யில் (P) விடுங்கள். சில்லு தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, பிறகு உயர்த்தி, ஸ்ராண்டில் இருத்துங்கள். ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் வேலை செய்யாதீர்கள்.

ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைக் கழற்றுங்கள். சந்தேகம் வந்தால் பார்ப்பதற்கு முழுதாக ஒரு பக்கம் இருக்கும். கழற்றமுன் ஒரு படம் எடுங்கள்: எச்சரிக்கைத் தகடு உள்ளேயா வெளியேயா, மேலேயா கீழேயா என்று அதில் தெரியும்.

போத்தல் மூடியைத் திறந்து சுற்றிவரச் சீலை சுற்றுங்கள். யாராவது இடையில் ஒயில் ஊற்றியிருந்தால், பிஸ்டனைத் தள்ளும்போது நிரம்பி வழியும். மட்டம் மேல் கோட்டில் இருந்தால் ஊசிக்குழாயால் கொஞ்சம் உறிஞ்சி எடுங்கள். பெயின்ரில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், துடைத்தால் போதாது.

கலிப்பரின் கீழ்ப் போல்ட்டைக் கழற்றி மேல்நோக்கி மடக்குங்கள். மடங்காத வகை என்றால் இரண்டு போல்ட்டையும் கழற்றி, கலிப்பரைக் கம்பியால் சில்லுக்கு மேலுள்ள சுருள் ஸ்பிறிங்கோடு கட்டித் தொங்கவிடுங்கள். ஹோசில் தொங்கவிட்டால் உள்ளே வெடிக்கும். பழைய பாட்டைப் பிஸ்டனில் வைத்து ஜி கிளாம்ப்பால் மெல்ல மெல்லத் தள்ளுங்கள். கையால் சுற்றுமளவு இலகுவாகப் போக வேண்டும். விடாப்பிடியாக நின்றாலோ, றப்பர் உறை கிழிந்து உள்ளே கறள் தெரிந்தாலோ, அந்தக் கலிப்பருக்கு றிப்பெயர் கிற் போட வேண்டும். பாட்டோடு வேலை முடியாது.

இப்போதுதான் முக்கியமான கட்டம். இரண்டு ஸ்லைட் பின்னையும் வெளியே இழுத்து, பழைய கிறீசை முற்றாகத் துடையுங்கள். கறள் பள்ளம் விழுந்த பின்னை மாற்றுங்கள். மேல் பின்னும் கீழ் பின்னும் ஒரே மாதிரி இல்லாமல் இருக்கலாம், ஒன்றின் முனையில் றப்பர் வளையம் இருக்கும். இடம் மாற்றிப் போட்டால் கலிப்பர் இறுகும். சிலிக்கோன் கிறீஸ் மெல்லியதாகப் பூசுங்கள். சாதாரண பெயறிங் கிறீசும் எஞ்சின் ஒயிலும் அந்த றப்பரை ஊதவைத்து, சில மாதத்திலேயே பின்னைப் பிடித்துவிடும். கராச்சில் கொடுத்துச் செய்வித்தால், என்ன கிறீஸ் என்று கேட்டுப் பாருங்கள்.

பழைய கிளிப்பைக் கழற்றி, கீழே கட்டியிருக்கும் கறளைக் கம்பித் தூரிகையாலும் தட்டை அரத்தாலும் இரும்பின் நிறம் தெரியும்வரை சுரண்டுங்கள். இரும்பை அராவிப் பள்ளமாக்க வேண்டாம், கறளை மட்டும் எடுத்தால் போதும். பிறேக் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள். பிறேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள். பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும், சுவாசிக்கக் கூடாது. புதிய கிளிப்பைப் பூட்டி, பாட்டை வைத்துப் பாருங்கள்: விரலால் தள்ளினால் வழுக்க வேண்டும், ஆனால் ஆடக்கூடாது. சுத்தியலால் தட்டி ஏற்ற வேண்டியிருந்தால் கறள் இன்னும் மிச்சம் இருக்கிறது, அல்லது பாட் பிழையானது. காதுகளிலும் தகட்டின் பின்புறத்திலும் ஒரு துளி கிறீஸ். லைனிங்கிலும் டிஸ்கிலும் கை விரல் கூடப் படக்கூடாது.

டிஸ்கின் தடிப்பைத் தேயாத விளிம்பைத் தவிர்த்து அளவுங்கள். குறைந்தபட்ச அளவு டிஸ்கின் ஓரத்திலோ நடுக் கிண்ணத்திலோ பொறித்திருக்கும். பல கார்களில் அது புதிய அளவைவிட ஏறக்குறைய 2 மி.மீ. குறைவு. அதற்குக் கீழே போனதைக் கடைசல் பிடிக்க முடியாது, மாற்ற வேண்டும். டிஸ்கைப் பெற்றோலாலோ மண்ணெண்ணெயாலோ துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு மிஞ்சும். பிறேக் கிளீனர் மட்டும்.

கலிப்பரைக் கீழே மடக்கி, போல்ட்டை இறுக்குங்கள். சிறிய கார்களில் இது பெரும்பாலும் 25 முதல் 35 நியூற்றன் மீற்றர்தான். முழுப் பலத்தோடு இழுத்தால் புரி போய்விடும். சில்லு நட் ரொயோட்டாவுக்கு 103, ஹொண்டாவுக்கு 108, சுசுகிச் சிறு கார்களுக்கு 85 நியூற்றன் மீற்றர், எதிரெதிராக மாற்றி மாற்றி. காற்றுத் துப்பாக்கியால் கண்டபடி இறுக்கினால் டிஸ்க் நெளியும், பிறகு ஸ்ரியறிங் நடுங்கும்.

எல்லாம் பூட்டியபின், எஞ்சினை ஸ்ராட் பண்ணமுன், பெடலை மெல்ல மெல்ல மிதியுங்கள். முதல் மிதி அடிமட்டம்வரை போகும், ஏனென்றால் பிஸ்டன் பின்னால் கிடக்கிறது. ஐந்தாறு மிதியில் கல்லுப்போல இறுகும். இறுகாமல் காரை ஒரு அடிகூட நகர்த்தக் கூடாது. பாட் மாற்றியவுடன் மதிலில் போய் முட்டும் கார்கள் எல்லாம் இந்த ஒன்றை மறந்தவை. பிறகு ஒயில் மட்டத்தைச் சரிபார்த்து மூடியைப் பூட்டுங்கள்.

பழக்கி எடுத்தல்

புதிய பாட்டில் உள்ள பொருள் டிஸ்கில் மெல்லிய படையாகச் சீராகப் படிய வேண்டும். சனமில்லாத நேரம் நேரான வீதி ஒன்றில் 50இலிருந்து 10க்கு, நடுத்தர அழுத்தத்தில், பத்துத் தடவை குறையுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் அரை நிமிடம் ஓடவிடுங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். சூடான பாட் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் படை தடித்து, பிறகு துடிப்பாக வரும். முடிந்ததும் பத்து நிமிடம் பிறேக் பிடிக்காமல் ஓடி ஆறவிடுங்கள். முதல் 300 கிலோமீற்றருக்குக் கடும் பிறேக்கைத் தவிருங்கள். 100 கிலோமீற்றரில் சில்லு நட்டுகளை இன்னொரு தடவை இறுக்கிப் பாருங்கள்.

மலைநாட்டுக்குப் போகமுன்

றம்பொடை அனுமார் கோயில், சீதா எலியவில் சீதையம்மன் கோயில் என்று இங்கிருந்து குடும்பமாகப் போகும் கார்களும் வான்களும் ஆண்டு முழுவதும் சமதரையில் ஓடியவை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், கண்டி ஏறக்குறைய 500 மீற்றர். ஐந்து பேரோடும் பயணப் பைகளோடும் 1,400 கிலோ வரும் கார் அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது விடும் சக்தி, ஏறக்குறைய 60 லீற்றர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். எஞ்சினும் காற்றும் ஒரு பங்கை எடுக்கும். கியரை "டீ"யிலேயே விட்டு இறங்கினால் மிகுதி முழுவதும் அந்தச் சிறிய பாட்டுகளுக்குள் போகும். 4 மி.மீ. பாட்டோடு யாழ்ப்பாணத்தில் ஆறு மாதம் ஓடலாம், அந்த இறக்கத்துக்கு அது காணாது. பயணத்துக்குக் குறைந்தது 5 மி.மீ. இருக்க வேண்டும்.

ஒயிலும் அதே அளவு முக்கியம். பிறேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், எங்கள் ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. டொட் 3 வகை ஒயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸில் கொதிக்கும், ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140. டொட் 4க்கு 230, 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவி, பெடல் அடிவரை போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். மூடியில் எழுதியிருக்கும் வகையையே போடுங்கள். டொட் 5 சிலிக்கோன் வகை, மற்றவற்றோடு கலக்கக் கூடாது.

இறங்கும்போது "எல்" அல்லது "எஸ்", ஹைபிறிட்டில் "பி" (B). வேகம் கூடினால் உறுதியாக மிதித்துக் குறைத்துவிட்டு, காலை முற்றாக எடுங்கள். மெல்லத் தொட்டபடி இறங்கினால் ஆற நேரமே இல்லை. எரிந்த மணம் வந்தால் சமதரையில் நிறுத்தி, "பீ"யில் விட்டு, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் வெடிக்கும்.

ஹைபிறிட், டிறம், பழைய கார்கள்

அக்குவா, பிறியஸ் போன்றவற்றில் வேகத்தைக் குறைக்கும் வேலையின் பெரும்பகுதியை மோட்டர் செய்வதால் பாட் 100,000ஐத் தாண்டிக்கூட இருக்கும். அதனாலேயே அவற்றில் தேய்மானத்தைவிடக் கறள் முந்திக்கொள்ளும். பாட் தடிப்பாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை, மாரி முடிந்த கையோடு, தை மாசியில் கழற்றிப் பின்னையும் கிளிப்பையும் சுத்தம் செய்யுங்கள். இந்தக் கார்களின் பிறேக் பம்ப், கதவைத் திறந்தாலே தானாக அழுத்தம் ஏற்றும். கலிப்பர் கழன்றிருக்கும்போது அப்படி ஏறினால் பிஸ்டன் வெளியே வரும், விரல் நசியும். ஸ்கானர் வைத்துப் பிறேக்கை வேலை நிலைக்கு மாற்றத் தெரிந்த கராச்சில் கொடுங்கள். வெசெல் போல மின் ஹாண்ட் பிறேக் உள்ளவற்றின் பின் பாட்டுக்கும் இதுவே. பின் கலிப்பரில் கேபிள் ஹாண்ட் பிறேக் உள்ள கார் என்றால், பிஸ்டனைத் திருகித் திருகித்தான் உள்ளே விட வேண்டும். கிளாம்ப்பால் அழுத்தினால் உள்ளே உடையும்.

வகன் ஆர், விட்ஸ், பெரும்பாலான 141 அக்சியோ எல்லாவற்றுக்கும் பின்னால் டிறம். சூ லைனிங் 100,000 தாண்டுவது வழமை, ஆனால் 20,000க்கு ஒருமுறை டிறம்மைக் கழற்றித் தூளை எடுங்கள். 1 மி.மீ. கடைசி எல்லை, 2இல் மாற்றுவது நல்லது. சில்லுச் சிலிண்டரின் றப்பரைத் தூக்கிப் பார்த்து ஈரம் இருந்தால் சிலிண்டரும் சேர்த்து. ஹாண்ட் பிறேக் பெரும்பாலும் ஆறு முதல் ஒன்பது பல்லுக்குள் பிடிக்க வேண்டும்.

இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 போன்றவற்றில் நான்கு சில்லிலும் டிறம், தானாகச் சரிசெய்யும் அமைப்பும் இல்லை. சூ தேயத் தேயப் பெடல் கீழே போகும். 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை சில்லை உயர்த்தி, சரிசெய்யும் திருகைச் சில்லு இறுகும்வரை முறுக்கி, பிறகு உரசல் நிற்கும்வரை ஓரிரு கிளிக் தளர்த்துங்கள். முன் டிறம்களில் திருகு இரண்டு இருக்கும், இரண்டையும் செய்ய வேண்டும். முடித்தவுடன் நேர் வீதியில் 30இல் ஓடி, ஸ்ரியறிங்கை மெல்லப் பிடித்தபடி பிறேக் அடித்துப் பாருங்கள். எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதற்கு எதிர்ப் பக்கத் திருகு இன்னும் ஒரு கிளிக் கேட்கிறது.